வில் செய்ய நட்ட மரம்

2014ஆம் ஆண்டு கோடையின் தொடக்கத்தில் புடாபெஸ்ட் திருவிழா இசைக்குழு கச்சேரிக்காக நியூயார்க் போய் இறங்கியது. விமான நிலையத்தில் சுங்க அதிகாரிகள் அவர்களுடைய ஏழு விற்களைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். வயலின் வில்லின் நுனியில் நகத்தளவுக்கு ஒரு வெள்ளைத் தகடு பதிந்திருக்கும். அது யானைத் தந்தமாக இருக்கலாம் என்பது சந்தேகம். அதே ஆண்டு பிப்ரவரியில்தான் அமெரிக்கா தந்தப் பொருள்கள் மீதான விதிகளை இறுக்கியிருந்தது. அபராதம் கட்டி, நாட்டைவிட்டுக் கிளம்பும்போதுதான் அந்த விற்கள் கலைஞர்களுக்குத் திரும்பக் கிடைத்தன.

தந்தத்தின் சிக்கல் பெரிதல்ல. எலும்பிலோ, சைபீரிய மண்ணிலிருந்து தோண்டி எடுக்கும் மாமூத் கொம்பிலோ, வெள்ளியிலோ அந்தத் தகட்டைச் செய்துவிடலாம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால், வில்லின் தண்டே ஓர் அரிய மரம். அது உலகில் ஒரே நாட்டில், ஒரே காட்டில் இயற்கையாக வளர்கிறது. அந்தக் காட்டில் பெரும்பகுதி இப்போது இல்லை. பிரேசிலின் பௌ பிரசில் என்ற அந்த மரத்துக்கு வில் செய்பவர்களும் கலைஞர்களும் வைத்திருக்கும் பெயர் பெர்னாம்புகோ. சர்வதேச மாநாடுகளில் இந்த மரத்தைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், ஒரு பக்கம் காட்டைக் காப்பவர்கள், மறுபக்கம் இசைக்காரர்கள் என்று இரு அணிகளாகப் பிரித்துச் செய்தி எழுதுவது வழக்கமாகிவிட்டது. இந்தப் பிரிவினை தவறு. இந்த மரத்துக்காகக் கைக்காசைப் போட்டு நாற்று நட்டவர்களில் வில் செய்பவர்கள் முன்வரிசையில் நிற்கிறார்கள். அவர்கள் நட்டதை என்றைக்காவது சட்டப்படி வெட்டிப் பயன்படுத்த வழி இருக்கிறதா என்பதுதான் இன்று கேட்க வேண்டிய கேள்வி.

வயலினைப் பற்றி இரண்டு வரி தெரிந்தவர்கூட ஸ்ட்ராடிவாரி என்ற பெயரைச் சொல்லிவிடுவார். அவருடைய ஊரான இத்தாலியின் கிரெமோனா நகரின் வயலின் கைவினை 2012இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பிடித்தது. வில்லுக்கும் அப்படி ஒரு பெயர் உண்டு. ஃபிரான்சுவா சேவியர் துர்த், பாரிஸ்காரர், 1747 வாக்கில் பிறந்து 1835இல் இறந்தவர். அப்பாவும் அண்ணனும் வில் செய்தவர்கள். இவரைக் கடிகாரம் செய்யும் பட்டறைக்கு அனுப்பினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். கடிகார வேலையை விட்டுக் குடும்பத் தொழிலுக்குத் திரும்பியவர், வேலை முடிந்த மாலைகளில் சேன் நதியில் தூண்டில் போட உட்கார்ந்துவிடுவாராம்.

அவருக்கு முந்தைய விற்கள் பலவற்றின் தண்டு, அம்பு எய்யும் வில்லைப் போல வெளிப்புறமாகப் புடைத்திருந்தது. அல்லது நேராக இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கச்சேரி அரண்மனை அறைகளிலிருந்து பெரிய அரங்குகளுக்கு இடம்பெயர்ந்தது. 1782இல் இத்தாலிய வயலின் மேதை வியோத்தி பாரிஸுக்கு வந்தார். நீண்டு ஒலிக்கும் நாதம் வேண்டும், அதே வில் தந்தியின் மேல் துள்ளவும் வேண்டும் என்ற தேவை வலுத்தது. தண்டு மயிரை நோக்கி உட்புறமாக வளையும் வடிவத்தை அந்தக் காலப் பட்டறைகள் பலவும் முயன்று பார்த்தன. அதற்கு முழுமையான வடிவம் கொடுத்தவர் துர்த். வியோத்தியின் யோசனை அதில் இருந்தது என்று வழிவழியாகச் சொல்வார்கள். நீளம் ஏறக்குறைய 74 சென்டிமீட்டர், எடை ஏறக்குறைய 60 கிராம் என்று அன்று நிலைபெற்ற அளவு இன்றும் மாறவில்லை. வயலின் உடலுக்கும் கழுத்துக்கும் பின்னாளில் எத்தனையோ மாற்றம் வந்தது. வில்லுக்கு வரவில்லை.

அவர் செய்த இன்னொரு காரியம், வில்லின் மயிர்க்கற்றையை ரிப்பன் போலத் தட்டையாகப் பரப்பி உலோக வளையத்துக்குள் பிடித்து வைத்தது. அதன்பின் தந்தியில் படும் மயிரின் அகலம் சீரானது. இந்த வளையத்துக்கு அவர்தான் மூலவரா என்பதில் வல்லுநர்களிடையே வாதம் உண்டு. ஆனால் அதை வில்லின் உறுப்பாக நிலைக்கச் செய்தது அவருடைய பட்டறைதான்.

துர்த் கணக்கு எழுதி வைத்துக்கொண்டு இழைத்தவர் அல்ல. ஆனால் அவருக்குப் பின்வந்த பாரிஸ் வயலின் வல்லுநர் வுயோம் அவருடைய விற்களை அளந்து பார்த்தபோது, தண்டு மெலியும் விதத்தில் ஒரு ஒழுங்கு இருந்தது தெரிந்தது. கைப்பிடிப் பக்கம் 11 சென்டிமீட்டர் தூரத்துக்கு 8.6 மில்லிமீட்டர் தடிமன் மாறாமல் வருகிறது. அங்கிருந்து படிப்படியாக மெலிந்து நுனியில் 5.3 மில்லிமீட்டர் ஆகிறது. அந்தப் படிகளுக்கு வுயோம் ஒரு கணித விதியையே வகுத்தார். கண்ணும் விரலும் மட்டுமே கருவியாகக் கொண்ட ஒருவருடைய கையில் இந்த ஒழுங்கு வந்து உட்கார்ந்திருந்தது என்பதை எண்ணி வியக்காமல் இருக்க முடியவில்லை. 2017இல் பிரான்ஸின் விஷி நகரில் நடந்த ஏலத்தில் துர்த்தின் வில் ஒன்று ஐந்து லட்சம் யூரோவுக்கு மேல் போனது. அவர் தம் விற்களில் பெரும்பாலானவற்றில் பெயர் முத்திரைகூடக் குத்தவில்லை.

பாலுஸ்வாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியரிடம் வயலின் கற்று அதைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்த காலமும் துர்த்தின் காலமும் ஒன்றே. தீட்சிதர் பிறந்தது 1786. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்குச் சுவாதித் திருநாள் மன்னர் தந்தத்தில் செய்த வயலினை வழங்கியது 1834. துர்த் இறப்பதற்கு ஓராண்டு முன்பு. இன்று சென்னை சபா மேடையில் தரையில் அமர்ந்து, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றி, ஒரே வில்லில் ஒரு நீண்ட சங்கதியை இழுத்து முடிக்கும் கலைஞரின் கையில் இருப்பதும் துர்த் முடிவு செய்த அதே வடிவம்தான். துவாரம் வெங்கடசாமி நாயுடுவின் நீண்ட வில்வீச்சைக் கேட்டவர்கள் வாய் ஓயாமல் புகழ்ந்தார்கள். அந்த வீச்சுக்கு இடம் கொடுத்த தண்டைப் பற்றி நம் இசை விமர்சனங்களில் ஒரு வரி கிடைப்பது அரிது.

ஒரு வில் எப்படி உருவாகிறது என்று பட்டறைக்குள் போய்ப் பார்த்தால், மரத்தைப் பற்றிய வாதம் ஏன் இவ்வளவு சூடாக நடக்கிறது என்பது விளங்கும்.

முதலில் பலகை. வாங்கியவுடன் யாரும் அறுத்துவிடுவதில்லை. பல ஆண்டுகள் உலரவிடுவார்கள். அப்பாவோ குருவோ வாங்கி வைத்த பலகையில் அடுத்த தலைமுறை வில் செய்வது இத்தொழிலில் சகஜம். பலகையிலிருந்து சதுரக் குச்சிகளாக அறுத்து, ரேகை நேராக ஓடுகிறதா, முடிச்சு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பார்கள். தட்டிப் பார்த்தால் நல்ல குச்சி கணீரென்று ஒலிக்கும். கிரெமோனாவில் வில் வேலை கற்றுக்கொடுத்த ஜொவான்னி லூக்கி, மரத்துக்குள் ஒலி ஓடும் வேகத்தை அளக்கும் கருவி ஒன்றையே உருவாக்கினார். சிறந்த பெர்னாம்புகோவில் ஒலி நொடிக்கு 5,000 மீட்டரையும் தாண்டி ஓடும். எடை அதிகம், வலு அதிகம், ஆனால் வளைத்துவிட்டால் துள்ளித் திரும்பும். இந்த மூன்றும் ஒரே மரத்தில் கூடிவருவது அபூர்வம். அதனால்தான் இருநூறு ஆண்டுகளாக வில் செய்பவர்கள் இதை விட்டு வேறு மரத்துக்குப் போகத் தயங்குகிறார்கள்.

பிறகு குச்சியை எண்கோணமாக இழைக்கிறார்கள். நுனியில் உள்ள தலை தனியாகச் செய்து ஒட்டுவதல்ல. அதே கட்டையிலிருந்து செதுக்குவது. அடுத்தது நெருப்பு. ஸ்பிரிட் விளக்கின் சுடருக்கு மேலே குச்சியை ஒரு சாண் தூரத்துக்கு இப்படியும் அப்படியுமாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சூடு நடுத்தண்டு வரை இறங்க வேண்டும். மேற்பரப்பு கருகக் கூடாது. இறங்கியது என்று கை சொன்ன நொடியில் மேசை விளிம்பில் வைத்து அழுத்தி வளைத்து, ஆறும்வரை பிடித்துக்கொள்கிறார்கள். பின் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்க்கிறார்கள். அடுத்த சாண். மீண்டும் நெருப்பு. நடுவில் சூடு போதாமல் வளைத்திருந்தால் சில வாரங்களில் குச்சி பழையபடி நிமிர்ந்துவிடும். சூடு மிகுந்திருந்தால் நார் செத்துவிடும். வளைவை இப்படி நெருப்பில் வாங்காமல் மரத்தையே வளைவாக அறுத்து எடுத்தால் நார் குறுக்கே வெட்டுப்படும், தண்டு பலவீனமாகும். ஒரே பலகையிலிருந்து வந்த இரண்டு குச்சிகள்கூட ஒரே மாதிரி வளைந்து கொடுப்பதில்லை. அதனால் எந்த அளவுகோலும் கடைசிவரை துணைக்கு வராது.

வளைவு நின்றபின் விரல் நீள இழைப்புளியால் மெல்லிய சுருள்களாகச் சீவி எடுப்பார்கள். கால் மில்லிமீட்டர் கூடுதலாகப் போனால் குச்சி தொய்ந்துவிடும். போன மரத்தைத் திரும்ப வைக்க முடியாது. கைப்பிடிப் பக்கத்தில் நகரும் ஃப்ராக் கருங்காலியில் ஆனது. அதன் அடியில் முத்துச்சிப்பிப் பட்டை, ஓரங்களில் வெள்ளி, உள்ளே ஒரு சின்னத் திருகு. கடைசியாகக் குதிரைவால் மயிர், நூற்றைம்பதிலிருந்து இருநூறு இழை வரை. அடிமுனையில் நூலால் கட்டி, ரோசின் தூவி நெருப்பில் காட்டினால் முடிச்சு இறுகி உருண்டு நிற்கும். அதைக் குழிக்குள் வைத்து, ஒரு மரத்துண்டை ஆப்பாகச் செருகி அடைக்கிறார்கள். பசை கிடையாது. ஆப்பு அரை மில்லிமீட்டர் தப்பினாலும் ஒரு பக்க மயிர் தளர்ந்து, வில் கோணலாக இழுக்கும்.

ஒரு நல்ல வில்லுக்கு ஒரு வாரத்துக்குக் குறையாத உழைப்பு வேண்டும். ஒருவர் ஆண்டுக்கு இருபது வில் செய்வதாக வைத்துக்கொள்வோம். நாற்பது ஆண்டுத் தொழிலில் எண்ணூறு. குச்சி மட்டும் சுமார் 40 கிராம். ஆக 32 கிலோ. பத்தில் ஒன்பது பங்கு கழிவாகப் போகிறது என்று கொண்டாலும் வாழ்நாள் முழுக்கத் தேவைப்படும் மரம் 320 கிலோதான். தண்ணீருக்கு ஏறக்குறைய சமமான அடர்த்தி கொண்ட இந்த மரத்தில் அது ஒரு கன மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு காட்டை அழிக்கும் பசி அல்ல இது.

அப்படியானால் காட்டை அழித்தது யார்? 1500இல் போர்ச்சுகீசியர் பிரேசில் கரையில் இறங்கியதும் முதலில் கண்ணில்பட்ட செல்வம் இந்த மரம்தான். ஐரோப்பா அதுவரை சிவப்புச் சாயத்துக்கு ஆசியாவிலிருந்து வரவழைத்தது இதே இனத்துக்கு உறவான ஒரு மரத்தை. கேரளத்தில் குடிதண்ணீரை இளஞ்சிவப்பாக்கப் போடும் பதிமுகம் அதுதான். அதே சாயம் கடலுக்கு அப்பால் காடு காடாக நின்றது. போர்ச்சுகல் அரசு ஏகபோக உரிமை வைத்துக்கொண்டு குத்தகைக்கு விட்டது; பிரெஞ்சுக்காரர்களும் கப்பல் கப்பலாக அள்ளிப்போனார்கள். ஆம்ஸ்டர்டாமில் கைதிகளை வைத்து இந்த மரத்தை அரத்தால் தேய்த்துத் தூளாக்கும் சிறைச்சாலையே ஒன்று இருந்தது. அந்தச் சாயக் கட்டைகளுக்கு நடுவிலிருந்துதான் துர்த் போன்றவர்கள் நேரான ரேகை ஓடும் துண்டுகளைத் தேடிப் பொறுக்கினார்கள். நெப்போலியன் காலப் போர்களில் கடல்வழி அடைபட்டபோது அதுவும் கிடைப்பது அரிதாகி விலை எகிறியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் செயற்கைச் சாயம் வந்தபோது மரத்துக்கு மூச்சு கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை. கரும்பு, காபி, மாட்டுப் பண்ணை, நகரங்கள் என்று அட்லாண்டிக் கரைக்காடு துண்டு துண்டானது. ரியோவும் சாவ் பாவ்லோவும் வளர்ந்தது அந்தக் காடு நின்ற இடத்தில்தான். மஞ்சள் பூவும் முள் படர்ந்த அடிமரமும் கொண்ட இந்த மரத்தை 1978இல் பிரேசில் தன் தேசிய மரமாக அறிவித்தது. 1992இல் அழிவின் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது.

வில் செய்பவர்கள் இந்தக் கதையில் முற்றிலும் நிரபராதிகள் என்று சொல்லிவிட முடியாது. அறுபது கிராம் வில்லுக்குள் போகும் மரம் சிறிது என்பது உண்மை. ஆனால் ஆயிரக்கணக்கில் விற்களை உருவாக்கித் தள்ளும் ஆலைகளின் கணக்கு வேறு. பிரேசிலின் சுற்றுச்சூழல் அமைப்பும் கூட்டாட்சிக் காவல்துறையும் அண்மை ஆண்டுகளில் நடத்திய சோதனைகளில், காப்புக்காடுகளிலிருந்து திருடி அறுத்த மரம் வில் குச்சிகளாக ஏற்றுமதிக்குக் காத்திருந்தது வெளிவந்தது. கேள்வி கேட்காமல் மலிவு விலைக்குக் குச்சி வாங்கியவர்கள் வெளிநாட்டில் இருந்தார்கள். பிரேசிலின் கோபத்துக்கு நியாயம் உண்டு. அதைப் பணக்கார நாட்டுக் கலைஞர்களின் வசதிக்குக் குறுக்கே நிற்கும் பிடிவாதம் என்று எழுதுபவர்கள், அந்தக் காடு யாருடையது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இந்த மரம் 2007இல் சேர்ந்தது. அப்போது கட்டுப்பாடு கட்டை, பலகை, அரைகுறை வில் குச்சி வரைக்கும்தான்; முடிந்த வில் எல்லை கடக்கத் தடையில்லை. திருட்டு மரத்தை நாட்டுக்குள்ளேயே வில்லாக்கிவிட்டால் போதும், சட்டம் கைவிரித்துவிடும். 2022 நவம்பரில் பனாமாவில் கூடிய மாநாட்டில், மரத்தை முதலாம் பட்டியலுக்கு மாற்ற வேண்டும் என்று பிரேசில் கேட்டது. அப்படி மாற்றினால் காட்டு மரத்தின் சர்வதேச வணிகம் முழுவதுமாக நின்றுவிடும். இசைக்குழுக்களும் கைவினைஞர்களும் உலகெங்கிலுமிருந்து எதிர்த்தார்கள். கடைசியில் இரண்டாம் பட்டியலிலேயே வைத்துக்கொண்டு, பிரேசிலிலிருந்து வெளியேறும் முடிந்த விற்களுக்கும் அனுமதிச் சீட்டு கட்டாயம் என்று முடிவானது. ஏற்கெனவே வெளியே இருந்த வில் மறு ஏற்றுமதியாக எல்லை கடக்க அப்போது விலக்கு கொடுத்தார்கள். 2025இல் சமர்கண்ட் மாநாட்டுக்கும் பிரேசில் அதே கோரிக்கையோடு வந்தது.

பனாமாவில் எட்டிய ஏற்பாடு சரியானது. நூறு ஆண்டுக்கு முன் பிரான்ஸின் மிர்கூரில் செய்த ஒரு வில்லைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக வாசிக்கப் போகிறவரை ஒவ்வொரு விமான நிலையத்திலும் நிறுத்தி வைப்பதால் பிரேசிலின் பாஹியா காட்டில் ஒரு மரம்கூடப் பிழைக்காது. தோதகத்தி உள்ளிட்ட டால்பெர்ஜியா மரங்களுக்கு 2017இல் கடும் விதி வந்தபோது கிதார் செய்பவர்களிலிருந்து கிளாரினெட் வாசிப்பவர்கள் வரை தவித்தார்கள். 2019இல் முடிந்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கொடுத்துச் சரிசெய்தார்கள். அந்தப் பாடத்தைத் திரும்பப் படிக்க வேண்டியதில்லை. அதேபோல, பிரேசிலிலிருந்து முதன்முறையாக வெளியே வரும் வில் எந்தக் கட்டையிலிருந்து வந்தது என்று கேட்பதும் நியாயம்தான். அந்தக் கேள்விக்குச் சீட்டைக் காட்ட முடியாத வில்லை யாரும் வாங்கக் கூடாது.

ஆனால் தடுப்பது பாதி வேலை. மீதிப் பாதியைத் தொடங்கியவர்கள் வில் செய்பவர்கள்.

பிரான்ஸின் வோஷ் மலைப்பகுதியில் உள்ள மிர்கூர் நகரம் வயலினுக்கும் வில்லுக்கும் பெயர்பெற்றது. வுயோமின் பட்டறைக்கு டொமினிக் பெக்காத் போன்ற பெரும் கைகளை அனுப்பியது அந்த ஊர்தான். இரண்டு உலகப் போர்களுக்குப் பிறகு அங்கே வில் வேலை ஏறக்குறைய அணைந்துவிட்டது. 1971இல் பெர்னார் ஊஷார் ஜெனீவாவிலிருந்து திரும்பிவந்து மிர்கூரில் இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். 1979இல் இறந்துவிட்டார், இரண்டு ஆண்டுகளில் அந்த வில் வகுப்பும் மூடப்பட்டது. அந்தக் குறுகிய காலத்தில் அவரிடம் படித்து வெளியேறியவர்கள் கையில்தான் தொழில் திரும்ப உயிர்பெற்றது. பெனுவா ரோலான் அவர்களில் ஒருவர். பின்னர் அமெரிக்காவில் குடியேறி, 2012இல் மக்ஆர்தர் விருது பெற்றார். அமெரிக்காவின் மேற்குக் கரையில் போர்ட் டவுன்செண்ட் என்ற சிறு துறைமுக ஊரில்கூட இன்று வில் பட்டறைகள் கூட்டமாக இருக்கின்றன.

இவ்வளவு கஷ்டப்பட்டு மீட்ட தொழிலுக்கு மரம் இல்லாமல் போகும் என்பதை முதலில் உணர்ந்தவர்களும் இவர்களே. 2000ஆம் ஆண்டு வாக்கில் சைட்டீஸ் பட்டியல் எதுவும் வருவதற்கு முன்பே, பல நாட்டு வில் கைவினைஞர்கள் சேர்ந்து பெர்னாம்புகோ பாதுகாப்புக்கென ஒரு சர்வதேச அமைப்பைத் தொடங்கினார்கள். தங்கள் விற்பனையிலிருந்து பணம் போட்டார்கள். பாஹியா மாநிலத்தில் கொக்கோ செடிகளைப் பெருமரங்களின் நிழலில் வளர்க்கும் கப்ரூக்கா என்ற பழைய முறை உண்டு. அந்த நிழலுக்காக நிற்கும் மரங்களோடு மரமாகப் பௌ பிரசில் நாற்றுகளை நடச் செய்தார்கள். கொக்கோ விவசாயிக்கு நிழல் கிடைக்கும்; மரத்துக்குக் காட்டுச் சூழல் கிடைக்கும். தனித்தோப்பாக நட்டு வளர்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் இந்த மரம் அவசரப்படாது. வில்லுக்கு ஏற்றபடி உள்ளே வைரம் பாய முப்பது ஆண்டுகளாவது பிடிக்கும்.

முப்பது ஆண்டு கழித்து வெட்ட முடியும் என்ற உறுதி இல்லாவிட்டால் எந்த விவசாயி நடுவார்? தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, சந்தனம் இருக்கிறது. பட்டா நிலத்தில் தானாக முளைத்த சந்தன மரத்தைக்கூட நிலத்துக்காரர் தன் இஷ்டத்துக்கு வெட்டி விற்க முடியாத காலம் ஒன்று இருந்தது. விற்பனை வனத்துறை வழியாக. மரத்தில் ஒரு கீறல் விழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நிலத்துக்காரர். விளைவு, கன்று முளைத்தவுடன் பிடுங்கிப் போட்டவர்கள் உண்டு. ஆசையாக நட்டவர்கள் மிகக் குறைவு. சட்டம் எத்தனை கடுமையாக இருந்தும் சத்தியமங்கலத்திலும் ஜவ்வாது மலையிலும் சந்தனம் திருடு போவது நிற்கவில்லை. காட்டிலும் மரம் குறைந்தது, நிலத்திலும் மரம் வளரவில்லை. கர்நாடகம் 2001இலும் தமிழ்நாடு 2002இலும் சட்டத்தைத் திருத்தி, வளர்ப்பவருக்கே மரம் சொந்தம் என்று ஆக்கிய பிறகுதான் தனியார் நிலங்களில் சந்தனத் தோப்பு என்ற பேச்சே எழுந்தது. அதற்கு முன் இழந்த இருபது முப்பது ஆண்டுகளை யாராலும் திரும்ப நட முடியாது.

பிரேசில் அந்தத் தவறுக்குள் விழாமல் இருக்க இன்னும் நேரம் இருக்கிறது. காட்டு மரத்துக்கு வெட்டு அனுமதி கிடையவே கிடையாது என்று உறுதியாக நிற்கட்டும். கூடவே, நட்ட மரத்தை நடும் அன்றே பதிவு செய்து, நட்டவர் பெயரில் ஒரு சீட்டு கொடுத்துவிட வேண்டும்; அந்தச் சீட்டே பிற்பாடு வெட்டவும் விற்கவும் உரிமையாக வேண்டும். கட்டையிலிருந்து பலகைக்கும் பலகையிலிருந்து குச்சிக்கும் அதே எண் தொடர வேண்டும். ஃப்ராக்கின் அடியில் ஓர் எண்ணைப் பொறிக்க எந்த வில் கைவினைஞருக்கும் இரண்டு நிமிடம் போதும். தங்கத்துக்கு ஹால்மார்க் கேட்டு வாங்கப் பழகிய வாங்குபவர்களுக்கு இது புதிய சிரமமும் அல்ல.

வாசிப்பவர்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. பெர்னாம்புகோ அல்லாத எதையும் தொடமாட்டேன் என்ற பிடிவாதத்தை விட வேண்டும். இபே என்ற தென் அமெரிக்க மரத்தில் செய்த நல்ல விற்கள் இருக்கின்றன. அந்த மரத்திலும் எங்கிருந்து வெட்டியது என்ற கேள்வியைக் கேட்கத்தான் வேண்டும். கார்பன் நார் விற்கள் வந்து முப்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. மரத்தில் தேர்ந்த ரோலானே கார்பனில் ஒரு வில் வடிவமைத்துப் பார்த்தவர். நல்ல கார்பன் வில் இன்று மலிவான மர வில்லைவிட எவ்வளவோ நன்றாக வாசிக்கிறது. கற்றுக்கொள்ளும் மாணவருக்கு அது போதும், போதுமானதுக்கு மேலும். மேதைகளின் கையில் உள்ள பெர்னாம்புகோ தண்டுக்கு மாற்று இன்னும் வரவில்லை என்று வில் செய்பவர்கள் சொல்வதை நம்பலாம். ஆனால், அந்தத் தேவை உலகில் சில ஆயிரம் பேருக்குத்தான். லட்சக்கணக்கான மாணவர்களுக்கு அல்ல.

நம் ஊரில் வயலின் வாங்கினால் பெட்டி, ரோசின், வில் எல்லாம் ஒரே விலைக்குள் சேர்ந்து வந்துவிடும். வில்லைத் தனியாகப் பார்த்து வாங்கும் பெற்றோர் குறைவு. பிரேசில்வுட் என்று எழுதிய மலிவு விற்களில் பலவும் பௌ பிரசிலே அல்ல. வேறேதோ தென் அமெரிக்க மரம். ஆறு மாதத்தில் தண்டு நிமிர்ந்து, வில் தந்தியில் தள்ளாடும். பிள்ளைக்குக் கை வராதது வில்லினால் என்பது தெரியாமல், இன்னும் சாதகம் பண்ணு என்பார்கள். ஆசிரியர்கள் தொடக்கத்திலேயே பெற்றோரிடம் சொல்ல வேண்டும்: வயலினுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை வில்லுக்கு ஒதுக்குங்கள், முதலில் நல்ல கார்பன் வில் வாங்கிக்கொடுங்கள், மயிரை ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள், வாசித்து முடித்ததும் திருகைத் தளர்த்தி வையுங்கள். தண்டின் ஆயுளைக் கூட்ட இந்தக் கடைசி ஒன்றைவிட எளிய வழி கிடையாது.

2000களின் தொடக்கத்தில் பாஹியாவில் நட்ட முதல் நாற்றுகள் இருபது வயதைத் தாண்டிவிட்டன. அவற்றைச் சட்டப்படி தொடுவதற்கான சீட்டு இப்போதே தயாராக வேண்டும். மரம் முற்றிய பிறகு பேச ஆரம்பித்தால் மாநாடுகளும் வழக்குகளும் இன்னும் பத்தாண்டை விழுங்கிவிடும். அடுத்த சைட்டீஸ் மாநாட்டுக்கு முன்பே பிரேசில் அரசு நட்ட மரங்களுக்கான பதிவேட்டைத் திறந்துவிட்டால், நாற்று நட்ட கொக்கோ விவசாயியும், பணம் அனுப்பிய பாரிஸ் கைவினைஞரும், திருட்டு மரத்தைத் துரத்தும் காட்டு அதிகாரியும் ஒரே பக்கம் வந்து நிற்பார்கள்.